தந்திக் கந்தோரில் வேலைபார்த்த சலீம்

அந்த அம்மா கடைக்குள் வந்தபோது நான் ஒருவருடைய கைத்தொலைபேசிக்குள் சிம் போட்டுக்கொண்டிருந்தேன். பாரிஸின் ரூ லூயி-பிளாங்க் தெருவில் பின்னேரம் நாலு மணிக்குக் கடையில் நிற்க இடம் இருக்காது. தொலைபேசி அட்டை வாங்க வந்தவர்கள், விமானச் சீட்டு விசாரிக்க வந்தவர்கள், ஒன்றும் வாங்காமல் மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லோருமாகக் கண்ணாடியில் ஆவி படிய வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, குட்டையாக வெட்டிய வெள்ளை முடியோடு, நனைந்த மழைக்கோட்டைக் கழற்றாமல் நின்று, "மிஸ்யூ பரமலிங்கம்?" என்று கேட்டார்.

பரமலிங்கம் என் அப்பா. அவர் காலமாகிப் பல வருடமாகிறது. என் பெயர் நேசன். ஊரில் நான் ப. நேசன். இந்த நாட்டின் பதிவேடுகளில் மட்டும் நான்தான் பரமலிங்கம்.

"பரமலிங்கத்தார், உங்களைத் தேடி ஆள் வந்திருக்கு" என்று கடைக்காரர் தவம் அண்ணை நக்கலாகக் குரல் கொடுத்தார். அவருக்கு இந்தப் பகிடி சலித்ததே இல்லை.

வந்த அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே நான் பிரெஞ்சில் எழுதிய ஆய்வுக் கட்டுரை. கூடவே அதன் அரபு மொழிபெயர்ப்பு, ஏதோ இணையத்தளத்திலிருந்து அச்செடுத்தது. இதை எழுதியவர் நீங்களா என்று கேட்டார். ஓம் என்றேன். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் சொன்னேன். ஒன்பது வருட ஆராய்ச்சியில் என் எழுத்தைத் தேடிக்கொண்டு வந்த முதல் வாசகர் அவர். கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்டேன்.

அவர் உட்காரவில்லை. கட்டுரையின் பதினோராம் பக்கத்தைத் திருப்பி, ஒரு பெயரின்மேல் விரலை வைத்தார்.

"இந்தச் சலீம் என் அப்பா" என்றார்.

உனக்கேன் இந்த வேலை?

இந்தத் தொடரை வாசிக்கும் ஒருவர் சென்ற வாரம் கேட்டிருந்தார்: யாழ்ப்பாணத்தானுக்கும் அரபு நாடுகளுக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான கேள்வி. தவம் அண்ணை இதையே இன்னும் காரமாகக் கேட்பார்.

என் ஆராய்ச்சி இதுதான். அரபு நாடுகள் புதிதாக விடுதலை அடைந்த காலத்தில், வெளிநாட்டு உளவுத் துறைகள் அங்கே இரகசியமாக என்ன செய்தன? எந்தப் பத்திரிகைக்குக் காசு போனது, எந்தப் படை அதிகாரியை யார் கைக்குள் போட்டுக்கொண்டார்கள், எந்த அமைச்சரின் தந்தியை யார் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள்? கொடி ஏற்றிய சத்தம் அடங்குவதற்குள் பின்கதவால் நுழைந்தவர்களின் கதை. நான் எடுத்துக்கொண்டது ஒரு நாட்டை. அதன் பெயரைச் சொல்லாமலே எழுதப் போகிறேன். அந்த நாட்டவரின் பெயர்களும் முதலெழுத்துகளும்கூட மாற்றியவைதான். காரணம் போகப் போகத் தெரியும்.

எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒருவரை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஒரேயொரு சொல், துரோகி. அவர் ஆமிக்குத் தகவல் கொடுத்தாரா, இல்லையா? பிடித்தது சரியான ஆளைத்தான் என்றார்கள் சிலர். இல்லை, மாறிப் பிடித்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த கிழமை அவருடைய மனைவி சங்கக் கடைக்குச் சாமான் வாங்க வந்தபோது வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். மரியாதைக்காக அல்ல.

ஒரு பெயர் எப்படி ஒரு பட்டியலுக்குள் போகிறது என்பது அன்றிலிருந்து எனக்குள் கிடந்து அரித்தது. சொந்த ஊரைத் தோண்டத் துணிவில்லை. தூரத்து நாடொன்றைத் தோண்டப் போனேன். தூரம் என்றால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன்போலும்.

கறுப்பு மை

இரகசியத் தலையீட்டைப் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு கோணல் இருக்கிறது. தலையிட்டவர்கள் காகிதம் வைத்திருக்கிறார்கள். தலையீட்டுக்கு ஆளானவர்களிடம் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே அந்த நாட்டின் கதையை எழுத நாங்கள் லண்டனுக்குத்தான் ரயிலேற வேண்டும். அங்கே ஆவணக் காப்பகத்தில் பேனாவை வாசலில் வாங்கி வைத்துவிட்டு ஒரு பென்சில் தருவார்கள். பெட்டியைத் திறந்தால் பாதித் தாள் இருக்காது. எடுக்கப்பட்டுவிட்டது என்று ஒரு துண்டு இருக்கும். இருக்கிற தாளிலும் பெயர் வரும் இடமெல்லாம் கறுப்பு மை.

ஒரு தாளில் மட்டும் மை பூசியவர் அசந்துவிட்டார். 'ஜ. சலீம், தந்தி' என்று ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். தலைநகரின் தந்திக் கந்தோரில், அதாவது தந்தி அலுவலகத்தில், இருந்துகொண்டு அரசாங்கத் தந்திகளை வெளிநாட்டுத் தூதரகத்துக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தவர் என்று தாளின் மற்ற வரிகள் சொல்லின. அந்தப் பெயரைக் கண்ட அன்று சாப்பிடக்கூடத் தோன்றவில்லை.

பாரிஸுக்குத் திரும்பி, ஒரு நூலகத்தில் அந்தத் திணைக்களத்தின் பழைய ஊழியர் பதிவேட்டைத் தேடிப் பிடித்தேன். கீழ்நிலை ஊழியர்களைத் தம் பெயரும் தகப்பன் பெயருமாகப் பதிந்திருந்தார்கள். விரலை வைத்து இறக்கிக்கொண்டு போனேன். 'சலீம், ஜமீலின் மகன்.' ஜமீலுக்கு ஜ. கச்சிதம். கட்டுரையில் முழுப் பெயரையும் போட்டேன். வேலைபார்த்த பிரிவையும் ஊரையும் போட்டேன். ஆதாரம் கொடுப்பதில் நான் கஞ்சன் அல்ல.

கதவில் ஒட்டிய தாள்

வந்தவரின் பெயர் நவால். நாற்பது வருடத்துக்கு முன் பாரிஸுக்கு வந்து, ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீடு ஸ்டாலின்கிராட்டில், கடையிலிருந்து பத்து நிமிட நடை. ஒரேயொரு தம்பி. பள்ளிக்கூட வாத்தியார். அவர் அப்போதும் அந்த நாட்டிலேயே இருந்தார்.

அங்கே அப்போது உள்நாட்டுப் போர். ஒவ்வொரு தெருவிலும் ஆயுதத்தோடு நின்றவர்கள், யார் யாருடைய ஆள் என்று பழங்கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கட்டுரையின் அரபு வடிவத்தில் பதினோராம் பக்கத்தை மட்டும் யாரோ அச்செடுத்து, தம்பியின் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரனின் ஆள் பெற்ற பிள்ளை என்று அடியில் கையால் எழுதியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

நவால் அழவில்லை, சத்தம் போடவில்லை. அப்பா தந்திக் கட்டைக் கைநடுக்கத்தோடு அடிக்கிற சாதாரணக் குமாஸ்தா, ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது, அவர் எதைப் பிரதி எடுத்திருக்க முடியும் என்று மட்டும் கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆவணம் அப்படித்தான் சொல்கிறது என்றேன். பிள்ளைகளுக்குப் பெற்றோரின் இரகசியம் தெரிந்திருக்க நியாயமில்லை என்று ஒரு வியாக்கியானமும் சொன்னேன். அவர் உறையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டுப் போனார். நான் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

அதன்பிறகு மூன்று கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆய்வேட்டை நடுவர்கள் முன்னால் வைத்து வாதாடும் நாளும் குறித்தாயிற்று. எழுத உட்கார்ந்தால் எழும்பி நடப்பேன். லா ஷப்பலில் இருந்து ஸ்டாலின்கிராட் வரை, மேலே மெத்ரோ ரயில் ஓட, கீழே தூண்களுக்கு நடுவில் அகதிகளின் கூடாரங்கள் வரிசையாக நின்ற காலம் அது. அவற்றைச் சுற்றி நடந்து, திரும்பி, மறுபடியும் நடப்பேன். நான் சரி என்று ஒரு பக்கம் போகும்போது தோன்றும். வரும்போது பிழை என்று தோன்றும்.

ரவீந்திரன் கேட்ட கேள்வி

கடையில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வன்னியிலிருந்து வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. எங்கள் ஊரில் போர் முடிந்தபின் வந்தவர்கள் நிறையப் பேர். லா கூர்னெவ்வில் ஓர் அறைக்குள் ஆறு பேராக இருந்துகொண்டு, உணவகங்களில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருவன் ரவீந்திரன். முப்பது வயதிருக்கும். புதிதாகக் கிடைத்த கார்த்தை, அதாவது வதிவிட அட்டையை, எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணை, பாருங்கோ. கணபதிப்பிள்ளை எண்டு அடிச்சு வைச்சிருக்கிறாங்கள். அது அப்பான்ரை பேரெல்லே."

இது நான் ஆயிரம் தடவை விளக்கிய சங்கதி. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. முன்னால் நிற்கும் எழுத்து தகப்பனுடையது, பின்னால் வருவது நம்முடையது. க. ரவீந்திரன் என்றால் ஆள் ரவீந்திரன். வெள்ளைக்காரருக்கு அது தலைகீழ். முன்னால் நிற்பது ஆளின் பெயர், பின்னால் வருவது குடும்பம். அதனால் இங்கே வந்ததும் தகப்பனைக் குடும்பப் பெயராக்கிவிடுகிறார்கள். ஒன்றும் செய்ய ஏலாது தம்பி, இஞ்சை எல்லாருக்கும் இப்பிடித்தான் என்றேன்.

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுடைய அப்பா கடைசிச் சண்டையில் போய்விட்டவர்.

"அப்ப என்னைத் தேடி வாறவை அப்பாவையெல்லே பிடிப்பினம்" என்றான் சிரித்துக்கொண்டு.

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

'ஜ. சலீம்.' அதை எழுதியவன் ஆங்கிலேயன். அவனுக்கு ஜ என்பது ஆளின் பெயர், சலீம் என்பது குடும்பம். நான் அதை யாழ்ப்பாணத்தான் கண்ணால் வாசித்திருக்கிறேன், ப. நேசனை வாசிப்பதைப் போல. நாள் முழுக்க ஊரவர்களின் பெயரை நிமிர்த்திக் கொடுக்கிறவன், என் சொந்த ஆராய்ச்சியில் ஒருவருடைய பெயரைத் தலைகீழாகப் பிடித்து, சம்பந்தமே இல்லாத ஒரு குமாஸ்தாவின் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

கடையை அப்படியே விட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். பதிவேட்டில் மேல்நிலை அதிகாரிகளின் பக்கத்தை நான் திறந்தே பார்த்திருக்கவில்லை. அவர்களைக் குடும்பப் பெயரில் பதிந்திருந்தார்கள். சலீம் என்ற குடும்பப் பெயரோடு ஒரே ஒருவர் இருந்தார். அவருடைய முதற்பெயர் ஜ-வில் தொடங்கியது.

இரண்டு வரி

என் பேராசிரியர் கெட்ட மனிதர் அல்ல. பிழைகள் எல்லோருக்கும் வரும், முறைப்படி திருத்தலாம் என்றார். ஆனால் ஆறு கிழமையில் நடுவர் குழு கூடுகிறது, அது முடியட்டும் என்றார். திருத்தம் எழுதினால் பழைய வாசிப்பு ஏன் பிழை, புதிய வாசிப்பு என்ன என்று காட்டியாக வேண்டும் என்றார். "விளக்கமில்லாத திருத்தம் திருத்தம் அல்ல. பயம்" என்றார்.

அவர் சொன்னது ஆராய்ச்சி முறைக்குச் சரி. ஆனால் விளக்கினால் என்ன நடக்கும்? பெயரைத் தலைகீழாக வாசித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும், பதிவேட்டைத் திறக்கிற எவரும் அந்த அதிகாரியிடம் போய் நிற்பார்கள். அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு கதவு இருக்கும். இந்த முறை ஆள் சரிதானே என்று கேட்பீர்கள். முதல் முறையும் நான் இதே நிச்சயத்தோடுதான் இருந்தேன்.

தவம் அண்ணையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். படிப்புப் போகும், பேர் போகும் என்று நான் இழுத்ததை அவர் காதில் வாங்கவில்லை.

"பிழை விட்டால் பிழை எண்டு எழுதிறது. அதுக்கேன் ஆறு கிழமை? அந்த வாத்தியார் அங்கை கதவைப் பூட்டிப்போட்டு இருக்கிறார்" என்றார்.

அன்றே எழுதினேன். இரண்டே வரி. ஜமீலின் மகன் சலீமைப் பற்றி நான் எழுதியதற்கு ஆதாரம் இல்லை, அதை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன், அவருடைய குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சஞ்சிகை ஆசிரியர் மூன்று தடவை காரணம் கேட்டு எழுதினார். மூன்று தடவையும் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று பதில் போட்டேன். அந்த அரபு இணையத்தளம் திருத்தத்தை வெளியிடத்தான் செய்தது. ஆய்வாளரை மிரட்டியது யார் என்ற தலைப்போடு.

பிரதியை நவாலிடம் கொடுக்க ஸ்டாலின்கிராட்டில் ஒரு காப்பிக் கடைக்குப் போனேன். நான் தவறாக வாசித்துவிட்டேன், உங்கள் அப்பா அந்த ஆள் அல்ல என்றேன். எப்படித் தவறாக வாசித்தீர்கள் என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். திருத்தத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நான் ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்து, மெத்ரோ எடுக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனேன். எவ்வளவு முட்டாள்.

நடுவர்கள் எழுந்த பிறகு

ஆய்வேட்டிலிருந்து அந்த அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிட்டேன். வாதாட்ட நாளில் நடுவர்களில் ஒருவர் விடாமல் அதையே பிடித்துக்கொண்டார். தந்திக் கந்தோர் இல்லாமல் உங்கள் வாதம் நொண்டுகிறதே என்றார். ஆதாரம் போதவில்லை என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். பட்டம் கொடுத்தார்கள், பாராட்டை அளந்து கொடுத்தார்கள். பேராசிரியர் கைகொடுத்தபோது கண்ணைப் பார்க்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. வாதாட்டம் முடிந்ததும் பட்டம் பெற்றவன் எல்லோருக்கும் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். தவம் அண்ணை ரூ லூயி-பிளாங்கிலிருந்து இரண்டு பெட்டி ரோல்ஸும் வடையும் கொண்டுவந்து இறக்கினார். உறைப்பில் மூக்கு சிவந்த நடுவர்கள் தண்ணீர் தேடிக்கொண்டிருந்தார்கள். ரவீந்திரன் வேலைக்குப் போகிற வழியில் வந்து, இரண்டு வடையோடு ஒரு மூலையில் நின்றான்.

அப்போதுதான் கடைசி வரிசையில் நவாலைக் கண்டேன். இப்படியான வாதாட்டத்துக்கு யாரும் வந்து உட்காரலாம். தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறார். தலையசைத்து வெளியே கூப்பிட்டார்.

நடைவழியில் ஒருவரும் இல்லை. தம்பி வீட்டை விட்டு ஓடி, மனைவியின் சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்திருக்கிறான் என்றார். ஓடுவதற்கு முன், திருத்தத்தை அந்த ஆயுதக்காரர்களிடம் அவன் வாசித்துக் காட்டினானாம். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்களாம். சரி, உன் அப்பா இல்லை, அப்படியானால் யார் என்று கேட்டார்களாம். ஒரு பெயரைக் கொண்டு வா, உன்னை விட்டுவிடுகிறோம் என்று மூன்று நாள் கொடுத்திருக்கிறார்களாம். முதல் நாள் அன்றோடு முடிகிறது.

தம்பி உயிரோடு எல்லை தாண்டிவிட்டார் என்பதை வாசகர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நடைவழியில் நின்ற எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

"உங்களுக்கு அந்தப் பெயர் தெரியும்" என்றார் நவால். "நான் முப்பது வருடம் பரிசோதனை முடிவுகளோடு வேலை செய்தவள். முடிவைப் பார்த்துவிட்ட ஒருவருடைய முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்."

நான் இல்லை என்று சொல்லவில்லை. பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். ஒளிந்திருப்பது என் தம்பி என்றால் என்ன செய்வேன் என்ற நினைப்பு மட்டும்தான் அப்போது எனக்குள் ஓடியது. வாயைத் திறந்தேன்.

நவால் கையை உயர்த்தித் தடுத்தார்.

"வேண்டாம். சொல்லாதீர்கள்" என்றார். "தெரிந்தால் நான் அவர்களிடம் கொடுத்துவிடுவேன்."